காப்பிச் சிமிழின் கணக்கு

கடையில் புளி வாங்குகிறவர் புளிக்கு விலை கொடுக்கிறார். அதனைக் கட்டித் தரும் தாளுக்கு விலை கொடுப்பதில்லை. எண்ணெய் வாங்குகிறவரும் எண்ணெயின் தரத்தைப் பார்க்கிறாரேயன்றிப் புட்டியின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. பண்டம் முதன்மையானது, அதனை வைத்திருக்கும் கலம் துணையானது என்பது வாணிகத்தின் பழைய முறை. இம்முறை தலைகீழாக மாறி, கலமே பண்டத்தினும் மேலான செல்வமாகிவிட்ட ஒரு வாணிகம் நம் காலத்தில் தோன்றி உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒரு கோப்பைக்கு வேண்டிய காப்பித்தூளை ஒரு சிறு கூட்டில் அடைத்து விற்கும் வாணிகமே அது. கடைகளில் ‘கேப்சூல்’ என்று வழங்கும் அக்கூட்டினை, நம் வீடுகளிலுள்ள குங்குமச் சிமிழின் சாயல் பற்றி, இங்கே ‘சிமிழ்’ என்றே குறிப்போம்.

நேயர்களே, இஃது எங்கோ தொலைவில் நடக்கும் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. இச்சிமிழ்களுள் பெயர் பெற்றதாகிய நெஸ்பிரஸோ 2024-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2025 மார்ச்சில் தில்லியில் அதன் முதற் கடை திறக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் பல ஆண்டுகளாகப் பெற்றுள்ள அனுபவத்தை, பொருளை வாங்குமுன்னரே அறிந்துகொள்ளும் நல்வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வனுபவம் யாது என்பதை முறையாகக் காண்போம்.

முதலில் சிமிழின் அமைப்பை அறிய வேண்டும். வறுத்து அரைத்த காப்பித்தூளுக்குக் காற்றும் ஈரமும் பகை. காற்றிலுள்ள பிராணவாயு பட்டால் தூளின் மணம் கெடுகிறது. அன்று அரைத்த தூளுக்கு உள்ள மணம், ஒரு மாதம் திறந்து வைத்த தூளுக்கு இல்லை. சிமிழ் செய்வோர் 5 அல்லது 6 கிராம் தூளை, ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள அலுமினியக் கூட்டில் இட்டு, காற்றை அகற்றி, மெல்லிய தகட்டால் மூடி முத்திரையிடுகின்றனர். அலுமினியத்தின் ஊடே காற்றும் ஒளியும் ஈரமும் புகா. பொறியினுள் சிமிழை வைத்து மூடும்போது கூரிய முனைகள் அதன் ஒரு புறத்தைத் துளைக்கின்றன. கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூடுள்ள வெந்நீர் மிகுந்த அழுத்தத்தோடு உட்புகுகிறது. அழுத்தம் ஏற ஏற, மறுபுறத்துத் தகடு தனக்கெதிரே உள்ள முனைப்புகள் கொண்ட தட்டின்மீது அழுந்திக் கிழிய, காப்பி கோப்பையில் இறங்குகிறது. நம் வீட்டு வடிகட்டியில் துளித்துளியாகத் தானே இறங்கும் டிகாக்ஷனை, இங்கே அழுத்தம் அரை நிமிடத்தில் பிழிந்து தந்துவிடுகிறது. அளவு பார்க்க வேண்டியதில்லை. கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. இவ்வசதி உண்மையானது. அதனை மறுத்துப் பேசுவது நியாயமாகாது.

இம்முறையை வகுத்தவர் சுவிட்ஜர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் என்பவர். 1976-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை, அதாவது பேடண்டு, பெறப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து 1986-இல் நெஸ்பிரஸோ என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. அலுவலகங்களைக் கருதித் தொடங்கிய அம்முயற்சி முதலில் தோல்வியை நோக்கியே சென்றது. 1988-இல் பொறுப்பேற்ற ஜான்-பால் கையார் என்பவர் வழியை மாற்றினார். பொறியைச் செய்யும் வேலையைப் பிற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து விட்டார். சிமிழைமட்டும் தம் கையில் வைத்துக்கொண்டு, உறுப்பினராகச் சேர்ந்த குடும்பங்களுக்கு நேரே விற்றார். அன்று முதல் வாணிகம் வளர்ந்தது. 2023-ஆம் ஆண்டில் நெஸ்பிரஸோவின் விற்பனை 600 கோடி சுவிஸ் பிராங்கைத் தாண்டி நின்றது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் வேறொரு சிமிழ் தோன்றிற்று. ஜான் சில்வன், பீட்டர் டிராகோன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் கியூரிக் என்ற கம்பெனியை நிறுவினர். உள்ளே தாள் வடிகட்டி பொருத்திய பிளாஸ்டிக் கிண்ணம் அவர்களுடைய சிமிழ். ‘கே-கப்’ என்று பெயர் பெற்ற அது 1998-இல் அலுவலகங்களில் வழங்கத் தொடங்கிப் பின்னர் வீடுகளுக்குள் புகுந்தது. கிரீன் மவுண்டன் என்ற காப்பிக் கம்பெனி 2006-இல் கியூரிக்கை முழுவதும் வாங்கியது.

இவ்வாணிகத்தின் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிமிழின் விலை அரைப் பிராங்கு என்று வைத்துக்கொள்க. அதனுள் 5 கிராம் தூள் உண்டு. 1 கிலோ தூளுக்கு 200 சிமிழ்கள் வேண்டும்; எனவே 1 கிலோவின் விலை 100 பிராங்கு ஆகிறது. பையில் அடைத்து விற்கும் நல்ல தூளின் விலையோ இதில் சிறு பங்குதான். சவரக் கத்தியின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து அலகில் ஊதியம் காணும் தந்திரம் பழையது. காப்பிப் பொறியே கைப்பிடி, சிமிழே அலகு. பொறியை வாங்கிய குடும்பம் ஒவ்வொரு நாளும் அப்பொறிக்கு ஏற்ற சிமிழையே வாங்கியாக வேண்டும். ஆகவே இவ்வாணிகத்தின் உயிர்நிலை காப்பியில் இல்லை. கூட்டின் வடிவத்தில் இருக்கிறது. நேயர்கள் இதனை நினைவில் கொள்ளவேண்டும். இனி நாம் காணப்போகும் இடர்கள் யாவும், சந்தையின் இடராயினும் சுற்றுச்சூழலின் இடராயினும், இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே.

உயிர்நிலை ஒரு வடிவத்தில் இருக்குமானால், அதனைப் பிறர் செய்யாமல் காப்பது காப்புரிமைதான். காப்புரிமைக்கோ ஆயுள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அந்த நாள் நெருங்க நெருங்கப் போட்டியாளர் வாயிலில் வந்து நின்றனர். நெஸ்பிரஸோவை வளர்த்த கையாரே பின்னாளில் தனிக் கம்பெனி தொடங்கி, மட்கும் தன்மையுள்ள சிமிழை அதே பொறிக்கு ஏற்றவாறு செய்து 2010-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வழக்குகள் பல நாடுகளில் நடந்தன. இங்கிலாந்தில் டூவலிட் என்ற கம்பெனியின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 2013-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் நெஸ்லேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொறியை விலை கொடுத்து வாங்கியவர் அதில் பிறர் செய்த சிமிழை இட்டுப் பயன்படுத்துவது உரிமை மீறலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. பிரான்சிலோ, போட்டியாளர்களைத் தடுக்கும் வகையில் நடந்துகொள்வதாக எழுந்த முறையீட்டை ஆராய்ந்த போட்டி ஆணையத்திடம், 2014-இல் நெஸ்பிரஸோ சில உறுதிமொழிகள் அளித்தது. பொறியில் மாற்றம் செய்வதாயின், நான்கு மாதங்களுக்கு முன்னரே பிற சிமிழ்க் கம்பெனிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சிமிழின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையையும், 2021-இல் சுவிட்ஜர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் படிப்பினை மிக்கது. கே-கப்பின் முதன்மையான காப்புரிமைகள் 2012-இல் முடிவுற்றன. மலிவான சிமிழ்கள் கடைகளை நிரப்பின. கியூரிக் கம்பெனி 2014-இல் ஒரு புதிய பொறியைக் கொண்டுவந்தது. சிமிழின் மூடியிலுள்ள ஒரு தனி அடையாளத்தை அப்பொறி உற்று நோக்கும்; அடையாளம் இல்லையேல் காப்பி தர மறுக்கும். தம் பணத்தில் வாங்கிய பொறி தம் சமையலறையில் நின்றுகொண்டு தம்மையே மறுத்ததைக் கண்ட மக்கள் வெகுண்டனர். விற்பனை சரிந்தது. தாங்கள் செய்தது பிழை என்று அக்கம்பெனியின் தலைவரே 2015 மே மாதத்தில் ஒப்புக்கொண்டார். நாமே தூள் நிரப்பிக்கொள்ளும் பழைய கிண்ணத்தை மீண்டும் அனுமதிப்பதாகவும் அறிவித்தார். பூட்டுப் போட்டு வைத்த சந்தை என்றும் நிலைத்திருப்பதில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் பூட்டுகள் தீர்ந்துவிடவில்லை. அதே 2014-இல் நெஸ்பிரஸோ வெளியிட்ட வெர்டுவோ என்ற புதிய பொறி, சிமிழின் விளிம்பில் அச்சிட்ட கோடுகளைப் படித்துப் பின் அதனைச் சுழற்றிக் காப்பி இறக்குகிறது. பழைய வடிவத்தைப் பிறர் கற்றுக்கொண்டால் புதிய வடிவம் பிறக்கிறது. இதற்கிடையில் அகப்படுபவர், பழைய பொறியோடு நிற்கும் வாடிக்கைக்காரர்.

இனி நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிகத்தைப் பார்ப்போம். சுவிட்ஜர்லாந்தில் ஒரு காப்பிச் செடியும் பயிராவதில்லை. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அந்நாட்டின் காப்பி ஏற்றுமதி, அதற்குப் புகழ் தேடித் தந்த பாலாடைக்கட்டி, சாக்கலேட்டு ஆகிய இரண்டின் ஏற்றுமதியையும் கூட்டிய மதிப்பைவிட மிகுந்து நிற்கிறது. ஓர்ப், அவான்ஷ், ரோமோன் என்ற மூன்று ஊர்களிலுள்ள நெஸ்பிரஸோ ஆலைகளே இதற்குப் பெருங்காரணம். உலகில் மிகுதியாகக் காப்பி விளைவிக்கும் நாடு பிரேசில். அந்நாடும் தன் கொட்டையை மூட்டையாக அனுப்பிவிட்டு, வறுத்த காப்பியைச் சிமிழில் அடைபட்ட நிலையில் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்துக் குடித்தது. 2015-இல்தான் அங்குள்ள மோன்டெஸ் கிளாரோஸ் நகரில் நெஸ்லே ஒரு சிமிழ் ஆலையைத் திறந்தது.

இந்நிலைக்குத் தீர்வை முறையும் துணை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வறுக்காத காப்பிக்கொட்டைக்கு இறக்குமதித் தீர்வை விதிப்பதில்லை. வறுத்த காப்பிக்கு 7.5 விழுக்காடு தீர்வை உண்டு. விளைவிக்கும் நாடுகளுக்குச் சலுகை ஒப்பந்தங்கள் சில இருப்பினும், பொதுவிதி இதுவே. விளைபொருளாக வந்தால் கதவு திறந்திருக்கும். செய்பொருளாக வந்தால் சுங்கம் நிற்கும். மதிப்புக் கூடும் வேலை எந்நாட்டில் நடக்கவேண்டும் என்பதை இத்தகைய விதிகள் மறைவாகத் தீர்மானிக்கின்றன.

உழவர்க்கு எவ்வளவு கிடைக்கிறது? இதனையும் கணக்கிட்டே காண்போம். வறுக்கும்போது கொட்டையின் எடை குறையுமாதலால், 5 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 6 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். 2019-ஆம் ஆண்டில் அராபிகா வகையின் உலகச் சந்தை விலை ஒரு பவுண்டு எடைக்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அவ்விலையில் 6 கிராம் கொட்டையின் மதிப்பு, டாலரில் நூற்றில் ஒன்றாகிய சென்ட்டுக் கணக்கில், ஒன்றேகால் சென்ட்டு அளவே. பிரேசிலில் நேர்ந்த வறட்சி முதலிய காரணங்களால் விலை ஏறி, 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி இதற்குமுன் இல்லாத உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்திலும் ஒரு சிமிழிலுள்ள கொட்டையின் மதிப்பு 5 அல்லது 6 சென்ட்டுதான். சிமிழின் விலையில் அது பத்தில் ஒரு பங்கு. அதுவும் துறைமுகச் சந்தையின் விலை. தோட்டத்தில் நிற்கும் குடியானவர் கைக்கு வருவது அதனினும் குறைவு. கொட்டையின் விலை நான்கு மடங்கு ஏறினாலும் இறங்கினாலும் சிமிழின் விலையில் சில சென்ட்டுகளே அசையும். குடிப்பவர்க்கு இது நிம்மதியாகத் தோன்றலாம். ஆனால் தோட்டக்காரரின் துயரம் குடிப்பவரின் காதுக்கு எட்டாமற் போவதற்கும் இதுவே காரணமாகிறது.

உற்பத்தி ஓரிடத்தில் குவிந்திருப்பதால் செய்வோர்க்கும் இடர் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் சுவிட்ஜர்லாந்தின் பொருள்கள்மீது 39 விழுக்காடு தீர்வை விதித்தது. நவம்பரில் அதனைக் குறைப்பதற்கு உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட மாதங்களில், ஒரே நாட்டின் ஆலைகளை நம்பி உலகெங்கும் விற்கும் வாணிகம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது வெளிப்பட்டது.

இதுகாறும் பணத்தின் கணக்கைக் கண்டோம். இனிக் குப்பையின் கணக்கு. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு நான்கு சிமிழ்கள் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,460 சிமிழ்கள். அலுமினியம் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இது பெரிதா என்று கேட்கலாம். அலுமினியம் எவ்வாறு பிறக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். 4 டன் பாக்சைட்டு மண்ணை வெட்டி எடுத்து, அதிலிருந்து 2 டன் அலுமினா பிரித்து, அதனை மின்சாரத்தால் சிதைத்தால் 1 டன் உலோகம் கிடைக்கிறது. 1 கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அக்குடும்பத்தின் ஓராண்டுச் சிமிழ்களுக்கு ஏறத்தாழ 20 யூனிட் ஆகும். அதே உலோகத்தைப் பழைய தகட்டிலிருந்து உருக்கி எடுத்தாலோ, இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். எனவே அலுமினியம் திரும்பி வந்தால் நல்ல பொருள். திரும்பாவிட்டால் மிகவும் விலைமிக்க குப்பை.

திரும்பி வருகிறதா என்பதே வினா. சிமிழ் சிறியது, உள்ளே ஈரச் சக்கை இருக்கிறது. குப்பையைப் பிரிக்கும் ஆலைகளில் சிறு பொருள்கள் சல்லடைக் கண்களின் வழியே நழுவி, பயனற்ற குவியலில் விழுந்துவிடுகின்றன. ஆதலால் நகராட்சியின் வழக்கமான வண்டியில் போட்டால் போதாது. தனியே சேர்த்துத் தனியே அனுப்பவேண்டும். சிமிழ்க் கம்பெனிகள் இதற்கென நிலையங்கள் அமைத்துள்ளன. இங்கிலாந்தில் போட்டிக் கம்பெனிகள் சில ஒன்றுகூடி, 2021-இல் ‘பாட்பேக்’ என்ற பொதுத் திட்டத்தைத் தொடங்கின. இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆயினும் ஒரு முரண்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. வேலை மிச்சமாகட்டும் என்று வாங்கிய சிமிழைச் சேர்த்து வைத்து, சுமந்து சென்று, உரிய இடத்தில் கொடுக்கும் வேலையை எத்தனை பேர் ஏற்பார்கள்? நம் ஊர்களிலும் பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்குவோர் உண்டு. ஈரச் சக்கை ஒட்டிய ஒரு கிராம் தகட்டை எடைக்கு எடுக்க எவர் முன்வருவார்?

இவ்விடத்தில் மொழியையும் சற்றுக் கவனிக்க வேண்டும். பள்ளியில் பல்லாண்டுகள் இலக்கணம் கற்பித்தவனாதலால் இதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்பது ஒன்று. ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்பது வேறு. முன்னது இயலும் என்பதைச் சொல்கிறது. பின்னது நடந்தது என்பதைச் சொல்கிறது. முன்னதைக் கேட்டவர் மனத்தில் பின்னது பதியுமாறு விளம்பரம் செய்வதில்தான் தீங்கு இருக்கிறது. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அரசாங்கங்களே இதன்பொருட்டுத் தண்டம் விதித்துள்ளன. கியூரிக் கம்பெனி தன் கிண்ணங்களை 2020-க்குள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாற்றி, அவை மறுசுழற்சிக்கு ஏற்றவை என்று அறிவித்தது. கனடாவிலோ இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, பெரும்பாலான ஊர்களின் நகராட்சித் திட்டங்கள் அவற்றை ஏற்கவில்லை. மக்களுக்குத் தவறான எண்ணம் தந்ததற்காக, 2022 சனவரியில் அக்கம்பெனியின் கனடாக் கிளை 30 இலட்சம் கனடா டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. அமெரிக்காவிலும், குப்பையை மறுசுழற்சி செய்யும் பெரிய கம்பெனிகள் இரண்டு இக்கிண்ணங்களைப் பற்றித் தெரிவித்த ஐயங்களைத் தன் ஆண்டறிக்கையில் கூறாமல் விட்டதற்காக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் 2024 செப்டம்பரில் 15 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. கே-கப்பை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய சில்வனே, இதனைச் செய்தோமே என்று சில வேளைகளில் வருந்துவதாக 2015-இல் பத்திரிகையொன்றில் தெரிவித்திருந்தார்.

சிமிழின்மீது குற்றத்தைமட்டும் அடுக்குவது நடுநிலையாகாது, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2023 சனவரியில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். ஒரு கோப்பைக் காப்பியால் காற்றில் சேரும் வெப்பந்தரு வாயுக்களில் பெரும்பங்கு, கொட்டையைப் பயிரிடுவதிலிருந்தே வருகிறது. கூட்டிலிருந்தன்று என்பது அவர்கள் முடிவு. அந்நாட்டு வழக்கப்படி ஒரு பெரிய கோப்பைக்கு வடிகட்டியில் 25 கிராம் தூள் இடப்படுகிறது. சிமிழ் முறையில் 14 கிராம் போதும். மிச்சமான தூளை விளைவிக்க ஆகியிருக்கும் கேடு, சிமிழைச் செய்வதால் வரும் கேட்டைவிட மிகுதியாம். தூளைக் கொட்டியும், மிகுந்த காப்பியைக் கொட்டாங்கழுவித் தொட்டியில் ஊற்றியும் வீணாக்குகிற வீட்டில் சிமிழ் ஒரு கட்டுப்பாடாக உதவும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வாய்வாளரே ஓர் எச்சரிக்கையும் தருகின்றனர். எளிதாகக் கிடைப்பதால் ஒரு கோப்பை குடித்தவர் இரண்டு குடித்தால், மிச்சம் மறைந்துவிடும். மேலும், அளவாகத் தூள் இடும் பழக்கம் உள்ளவர்க்கு அந்த மிச்சம் தொடக்கத்திலேயே இல்லை. அளவு என்ற நற்பழக்கத்தை ஒரு கரண்டியாலும் பெறலாம். அதற்குக் கூடு வேண்டுவதில்லை.

அரசாங்கங்கள் என்ன செய்தன? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர அரசு 2016-இல், பொதுப்பணத்தில் காப்பிச் சிமிழ் வாங்கலாகாது என்று விதி செய்தது. 6 கிராம் காப்பிக்கு 3 கிராம் கூடு என்பது அங்கே எடுத்துக்காட்டப்பட்ட நியாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முந்தைய சட்டம் விந்தையான ஒன்று: சக்கையோடு சேர்த்து எறியப்படும் காப்பிச் சிமிழைக் கலமாகவே அது எண்ணவில்லை. கலங்களுக்குரிய கடமைகள் அதனால் சிமிழைத் தொடாமல் சென்றன. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, சிமிழும் கலமே என்று தெளிவாக வரையறுத்து, அதன் விதிகள் 2026 ஆகஸ்டு முதல் பொதுவாகச் செயற்படுமாறு அமைத்தது. வாணிகத்தின் உயிராக இருந்த கூடு, சட்டத்தின் கண்ணில் அவ்வளவு காலம் இல்லாத பொருளாக இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

புதிய வழிகளும் தேடப்படுகின்றன. 2022-இல் சுவிட்ஜர்லாந்தின் மீக்ரோ என்ற கூட்டுறவு நிறுவனம், கூடே இல்லாமல் காப்பித்தூளை உருண்டையாக அழுத்தி மெல்லிய மேற்பூச்சுப் பூசி விற்கத் தொடங்கியது. நெஸ்பிரஸோ 2023-இல் தாளால் ஆகிய, மட்கும் சிமிழைச் சில நாடுகளில் சோதித்தது. இவை நல்ல அடிவைப்புகள். ஆனால் மட்கும் என்ற சொல்லையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும். மட்கும் பிளாஸ்டிக்குகள் பல, ஆலையில் அமைத்த உரக்கிடங்கின் மிகுந்த வெப்பத்தில்தான் மட்குகின்றன. வீட்டுக் கொல்லைக் குழியில் அப்படியே கிடக்கும். உருண்டைக் காப்பிக்கோ அதற்கென்றே தனிப் பொறி வேண்டும். கூடு போயிற்று, பூட்டு போகவில்லை. பன்முறை நிரப்பத்தக்க எஃகுச் சிமிழ்களும் சில கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் கழுவும் வேலை உண்டு. எனினும் குப்பையும் பூட்டும் ஒருங்கே நீங்குகின்றன. விளம்பரத்தில் அவை அதிகம் தலைகாட்டுவதில்லை. ஒரு முறை விற்றால் மறுமுறை விற்க முடியாத பொருளை எவர் விளம்பரம் செய்வார்?

நேயர்களே, கூட்டில் ஊதியம் இருக்கும்வரை கூடுகளின் தொகை பெருகவே செய்யும். அவற்றைக் குறைப்பது விற்பவரின் இயல்பான நாட்டத்துக்கு எதிரானது. போட்டி வந்தால் சிமிழின் விலை குறையும். விலை குறைந்தால் விற்பனை கூடும். விற்பனை கூடினால் குப்பையும் கூடும். சந்தையின் நோய்க்கு மருந்தாகிய போட்டி, குப்பையின் நோயை வளர்த்துவிடக் கூடும். ஆகவே சந்தைமட்டும் இதனைத் தீர்த்துவைக்கும் என்று இருந்துவிட முடியாது. விற்றவரே திரும்பப் பெற்று, எத்தனை விற்றோம், எத்தனை திரும்பி வந்தன என்ற இரண்டு எண்களையும் அருகருகே வெளியிடவேண்டும் என்று சட்டம் கேட்பது நியாயமானது. தொழிலுக்கு அது பெருஞ்சுமை ஆகாது. உண்மையான முயற்சி செய்வோர்க்கு அது பெருமையாகவும் அமையும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியதும் உண்டு. பொறியின் பளபளப்பைக் கண்டு விலை பேசுமுன், கடைக்காரரிடம் சில வினாக்களைக் கேட்கலாம். இப்பொறியில் வேறு கம்பெனியின் சிமிழ் பொருந்துமா? நாமே தூள் நிரப்பும் சிமிழ் இதற்கு உண்டா? நம் ஊரில் எந்தத் தெருவில், எந்த இடத்தில் பயன்படுத்திய சிமிழைப் பெற்றுக்கொள்கிறார்கள்? மறுசுழற்சி செய்ய இயலும் என்ற பொதுவான மொழியை இதற்கு விடையாக ஏற்க வேண்டா. தெருவின் பெயரைச் சொல்லட்டும். முடிவில் ஒரு கிலோ தூளுக்கு நாம் கொடுப்பது எவ்வளவு என்பதையும், ஐந்தாம் வகுப்பில் படித்த பெருக்கல் கொண்டு, வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். அக்கணக்கைப் போட்ட பின்னரும் வாங்க விரும்புவோர் தாராளமாக வாங்கலாம். தாம் விலை கொடுப்பது காப்பிக்கா, கூட்டுக்கா என்பதை அவர்கள் அறிந்து வாங்குவார்கள்.